வாசகர் கேள்வி–பதில்: 09 என்று எழுதினால் கம்பைலர் ஏன் முறைக்கிறது?

கேள்வி: மீன்பிடி இடங்களின் ஜிபிஎஸ் புள்ளிகளைச் சேமிக்க சி மொழியில் புரோகிராம் எழுதுகிறேன். படகுக் கருவியில் தெரியும் 09 டிகிரி, 079 டிகிரியை அப்படியே போட்டால் எரர் வருகிறது. நிமிடம் 07 என்றால் மட்டும் ஓடுகிறது. ஏன்?
– வாசகர், பாம்பன்

பதில்: சி மொழியில் 0-வுக்குப் பின் இலக்கம் வரும் முழு எண், ஆக்டல் (8-ஐ அடியாகக் கொண்ட எண்). அதில் 0 முதல் 7 வரைதான் இலக்கம். 8, 9 செல்லாது. கீழக்கரைப் பக்கம் போனாலும் தப்ப முடியாது, அங்கே 078. முன்னால் உள்ள 0-வை எடுத்துவிடுங்கள். திரையில் 09 என்று தெரிய வேண்டுமானால் அச்சிடும்போது அகலம் 02 (%02d) கொடுங்கள்.

எரர் வந்தவரை நல்லது. ஆழம் 012 பாகம் என்று எழுதியிருந்தால் சத்தமே இல்லாமல் 10 ஆகியிருக்கும்.

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்காக ஒரு சிறு மொழிக்கு கம்பைலர் எழுதுகிறோம். 09 கொடுத்தால் 'அரைப்புள்ளி இல்லை' என்கிறது. சரியான செய்தி வர என்ன செய்வது?
– மாணவி, இராமநாதபுரம்

பதில்: உங்கள் லெக்சர் (நிரலை டோக்கன் எனும் சிறு துண்டுகளாக வெட்டும் பகுதி) 0-வைப் பார்த்ததும் ஆக்டல் விதிக்குள் போய், 9 வந்த இடத்தில் நின்றுவிடுகிறது. 0 ஒரு டோக்கன், 9 இன்னொரு டோக்கன். இரண்டு எண் அடுத்தடுத்து வந்தால், டோக்கன்களின் இலக்கணம் பார்க்கும் பார்சர் வேறென்ன சொல்லும்? திருத்த வேண்டியது லெக்சரை.

முதலில் முழுசாக விழுங்கட்டும், பிறகு சோதிக்கட்டும். எண் தொடங்கியதும் தொடர்ந்து வரும் இலக்கம், எழுத்து, அடிக்கோடு எல்லாம் ஒரே டோக்கன். புள்ளியும் சேரலாம், ஆனால் 1..5 (1 முதல் 5 வரை) போன்ற எழுத்துமுறை உங்கள் மொழியில் இருந்தால் இரட்டைப் புள்ளிக்கு முன்பே நிறுத்துங்கள். பிறகு இடமிருந்து பார்த்துவந்து, முதலில் தவறும் இலக்கத்தின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சுட்டுக்குறி எண்ணின் தொடக்கத்தில் அல்ல, அங்கேதான் விழ வேண்டும்:

வரி 4: ஆக்டல் எண்ணில் 9 வராது
    079
      ^
குறிப்பு: சாதாரண எண் என்றால் 79 என எழுதவும்

பயனருக்கு உதவுவது அந்தக் கடைசி வரிதான். பைதான் 3 முன்-0 கூடாது என்று சொல்லி, ஆக்டலுக்கு 0-வுக்குப் பின் ஆங்கில 'o' எழுத்தைப் போடச் சொல்கிறது. புது மொழிதானே, நீங்களும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். 012 வில்லங்கமும் ஒழியும்.

செய்தி கொடுத்த பின் டோக்கனைத் தூக்கி எறியாதீர்கள். 'பிழை' என்று குறித்து, எண் டோக்கனாகவே பார்சருக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒரே 09-க்கு வரிசையாகப் பொய் எரர்கள் வரும்.

எண் மிகப் பெரிதா என்பதைப் பெருக்கும் முன்பே பாருங்கள்: மதிப்பு > (உச்சம் − இலக்கம்) / அடி (ஆக்டலுக்கு 8, சாதாரண எண்ணுக்கு 10) என்றால் அங்கேயே எரர். −2147483648-இல் கழித்தல் குறி தனி டோக்கன். லெக்சர் காண்பது 2147483648, அது குறியுள்ள 32 பிட் எண்ணில் அடங்காது. 64 பிட்டில் வைத்துக்கொண்டு, குறியைச் சேர்த்த பிறகு எல்லையைச் சோதியுங்கள்.

இலக்கமா என்று பார்க்க '0' முதல் '9' வரை நீங்களே ஒப்பிடுங்கள். ஜாவா மொழியில் இதற்கென உள்ள இஸ்டிஜிட் (isDigit) தமிழ் ௯-ஐயும் இலக்கம் என்று ஏற்றுக்கொள்ளும். அதன் குறியெண்ணிலிருந்து வழக்கம்போல் '0'-வின் குறியெண்ணான 48-ஐக் கழித்தால் 9 வராது, 3007 வரும்.