இலாபம் ஆறு கோடி, பங்கிலாபம் எங்கே?

உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: “கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதலீட்டுக் கம்பனியொன்றில் 5,000 பங்கு வைத்திருக்கிறேன். மார்ச் 31 வரையான அறிக்கையில் நல்ல இலாபம் காட்டியிருக்கிறார்கள், பங்கிலாபம் மட்டும் இல்லை. அறிக்கையில் எதைப் பார்ப்பது?”

மீன் விற்றுக் கைக்கு வந்த காசு வேறு, வள்ளத்தின் விலை ஏறியது வேறு. முதலீட்டுக் கம்பனியின் இலாபத்தில் இரண்டும் சேர்ந்தே வரும். பிரித்துப் பார்ப்பது உங்கள் வேலை.

முதலில் தலைப்பில் ‘ரூபா 000’, அதாவது தொகைகள் ஆயிரத்தில், என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், 62,400 என்பது 6 கோடியே 24 இலட்சம். இதை ஓர் உதாரணமாகவே வைப்போம். அதில் ‘ஃபெயர் வேல்யூ கெயின்’, அதாவது விற்காத பங்குகளின் விலையேற்றம், 51,000. விற்றுப் பெற்ற ஆதாயம் 3,000. கிடைத்த பங்கிலாபமும் வட்டியும் 14,000. செலவும் வரியும் 5,600. விலையேற்றத்தைக் கழித்தால் மிஞ்சுவது 11,400தான். மொத்தம் 2 கோடிப் பங்கு என்றால், பங்கொன்றுக்கு 3.12 ரூபா என்று அச்சான உழைப்பு, அதாவது பங்கொன்றுக்கான இலாபம், 57 சதமாகிவிடும். காசுப் பாய்ச்சல் கூற்றிலும் இந்த 51,000ஐக் கழித்தே காட்டியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைத்தான் நான் முதலில் புரட்டச் சொல்வேன்.

சில கம்பனிகள் விலையேற்றத்தை இலாபத்தில் சேர்க்காமல் ‘அதர் கொம்ப்ரிஹென்சிவ் இன்கம்’, அதாவது இலாபத்துக்குக் கீழே தனியாக வரும் ஏனைய வருமானப் பகுதியில் போடும். அப்படிப் போட்ட பங்கை விற்றாலும் ஆதாயம் இலாபக் கணக்குக்குள் வராது. ஆகவே இரு கம்பனிகளை ஒப்பிடும்போது இரண்டு பகுதியையும் பாருங்கள்.

அடுத்தது ‘நெட் அசெட்ஸ் பெர் ஷேர்’, அதாவது கடன்கள் போகப் பங்கொன்றுக்கு மிஞ்சும் சொத்து. சந்தை விலை இதைவிடக் குறைவாக இருப்பது முதலீட்டுக் கம்பனிகளில் வழமை, அதை மட்டும் வைத்து மலிவு என்று பாய வேண்டாம். கம்பனி தனியாக, துணைக் கம்பனிகளையும் சேர்த்துக் குழுமமாக என்று இரு நிரல்கள் இருக்கும். கம்பனி நிரலில் துணைக் கம்பனிகள் பெரும்பாலும் வாங்கிய விலையிலேயே கிடக்கும்.

திகதியையும் கவனியுங்கள். முதல் மூன்று காலாண்டு அறிக்கைகளுக்கு 45 நாள், நான்காவதுக்கு இரண்டு மாதம், ஆண்டறிக்கைக்கு ஐந்து மாதம் அவகாசம். மே முடிவில் நீங்கள் வாசிப்பது மார்ச் 31 விலை. ஆண்டறிக்கையின் குறிப்புகளில் எந்தப் பங்கு எத்தனை என்ற பட்டியல் வரும். இன்றைய விலையால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். நம்மூர் திருகோணமலையில் ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சீமெந்து அதில் இருந்தால் கவனம்: வாக்குரிமையுள்ள ‘என்’ பங்கும் வாக்குரிமையற்ற ‘எக்ஸ்’ பங்கும் வெவ்வேறு விலை. பட்டியலிடப்படாத கம்பனிகள் ‘லெவல் 3’இல் இருக்கும். அவற்றுக்குச் சந்தை விலை கிடையாது, மதிப்பீட்டுக் கணக்குத்தான். அந்தத் தொகை பெரிதென்றால், எந்த அனுமானத்தில் மதித்தார்கள் என்று குறிப்பை வாசியுங்கள். காலாண்டுக் கணக்குகள் பொதுவாகக் கணக்காய்வு செய்யப்படாதவை என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக, ‘ரிலேட்டட் பார்ட்டி’, அதாவது தொடர்புடைய தரப்புகளுடனான கொடுக்கல் வாங்கல் பற்றிய குறிப்பு. தாய்க் கம்பனிக்கோ சகோதரக் கம்பனிக்கோ கொடுத்த கடன் வருடாவருடம் குறையாமல் ஏறிக்கொண்டே போகிறதென்றால், உங்கள் பங்கிலாபமாக வந்திருக்கக்கூடிய காசு அங்கேதான் நிற்கிறது.