ஆடிட்டர் ஆபீஸுக்கு ஏஐ மென்பொருள்: முடிந்துபோன மாதத்தைக் கொடுத்துச் சோதியுங்கள்

கேள்வி: ஈரோட்டில் சிறிய ஆடிட்டர் ஆபீஸ் நடத்துகிறேன். ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். சுமார் 90 கிளையன்ட். பெரும்பாலும் ஜவுளி, மஞ்சள், மளிகை. கணக்கு எல்லாம் டேலி மென்பொருளில். பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் பர்ச்சேஸ் பில்லையும் தானே படித்து என்ட்ரி போடும் ஏஐ மென்பொருள் இருக்கிறது என்று மாதத்துக்கு இரண்டு பேராவது வந்து உட்காருகிறார்கள். வாங்கலாமா? எதில் தொடங்குவது? ஆளைக் குறைக்க முடியுமா?

பதில்: வாங்கலாம், ஆனால் டெமோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டெமோவில் ஓடுவது அவர்களே பொறுக்கி எடுத்த பளிச்சென்ற பிடிஎஃப். உங்கள் மேசைக்கு வருவதோ வாட்ஸாப்பில் சாய்வாக எடுத்த படம், வெளுத்துப்போன தெர்மல் சீட்டு, மேல் எழுத்து கீழ் எழுத்தோடு கலந்த கார்பன் நகல்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். மூன்று கிளையன்ட்டை எடுங்கள்: ஒருவர் ஒழுங்கானவர், ஒருவர் சுமார், ஒருவர் பில்லைப் பையில் கொண்டுவந்து கொட்டுபவர். மூவருக்கும் 3பி (ஜிஎஸ்டி வரி கட்டும் ரிட்டர்ன்) தாக்கல் செய்து முடித்த பழைய மாதம் ஒன்றின் மூலக் காகிதங்களை மென்பொருளுக்குக் கொடுங்கள். சரியான விடை உங்கள் டேலியிலேயே இருப்பதால் ஒப்பிடுவது சுலபம். எண்ண வேண்டியவை மூன்று: கைவைக்காமலே சரியாக வந்த என்ட்ரி வரிகள், தெரியவில்லை என்று விட்ட வரிகள், தெரிந்ததுபோல் தப்பாகப் போட்ட வரிகள். வாங்குவதா வேண்டாமா என்பதைச் சொல்வது மூன்றாவது எண்தான். 100 வரியில் 70 போட்டு 30 விட்டுவைக்கும் மென்பொருளால் உங்களுக்கு வேலை மிச்சம். நூறையும் நிரப்பி அதில் எட்டைத் தப்பாகப் போட்டால், அந்த எட்டைத் தேட நூறையும் பார்த்தாக வேண்டும்.

பேங்க் ஸ்டேட்மென்ட்டில் தொடங்குங்கள்

பலன் சீக்கிரம் தெரிவது இங்கேதான். 400 வரி உள்ள ஸ்டேட்மென்ட்டைக் கையால் போட, வரிக்கு 40 விநாடி என்று வைத்தாலும் ஏறக்குறைய நாலரை மணி நேரம். அதில் 300 வரி தானாக விழுந்து, மீதி நூறுக்கு நிமிடம் ஒன்று செலவழித்தாலும் ஒன்றே முக்கால் மணியில் முடியும்.

முதல் காவல் ஒரு கூட்டல் கழித்தல். ஆரம்ப இருப்போடு வரவைக் கூட்டிப் பற்றைக் கழித்தால் கடைசி இருப்பு வர வேண்டும். மொத்தத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது, ஒவ்வொரு வரியின் இருப்பும் முந்தைய வரியிலிருந்து வருகிறதா என்று எக்செலில் ஒரு பத்தி போட்டுப் பாருங்கள். பிடிஎஃப்பை எக்செலாக மாற்றும்போது பக்கம் மாறும் இடத்தில் கடைசி வரி காணாமல் போகும். நீண்ட நரேஷன் (பரிவர்த்தனை விவரம்) இரண்டு வரியாக உடைந்து இரண்டு என்ட்ரியாகவும் நிற்கும். இருப்பு எந்த வரியில் உடைகிறதோ, தப்பு அங்கேயே அகப்படும்.

இருப்புச் சோதனையில் சிக்காதது தேதி. கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 03/04 என்பது மார்ச் 4 ஆகிவிடும். 12ஆம் தேதிக்கு மேல் அந்தக் குழப்பத்துக்கு வழியில்லை. ஆகவே மாதத்தின் முதல் 12 நாள் என்ட்ரிகள் மட்டும் வேறு மாதங்களில் சிதறிக் கிடந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். இன்னொன்று, எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணை வைத்துக்கொள்ளாது. 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகும். 0045 என்ற பில் எண் 45 ஆகும். கோப்பை இறக்கும் முன்பே அந்தப் பத்திகளை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள்.

எந்த லெட்ஜரில் (கணக்குத் தலைப்பில்) போடுவது என்பதில்தான் ஏஐ அதிகம் சறுக்கும். ஜவுளிக்கடை ஒன்றில் ஒரு நாள் கார்டு விற்பனை 50,000 ரூபாய். வங்கி 1 சதவீதம் கமிஷனாக 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியாக 90, ஆக 590 பிடித்துக்கொண்டு 49,410 ஐ வரவு வைக்கிறது. மென்பொருள் 49,410 ஐ விற்பனை என்று போட்டுவிடும். விற்பனை 590 குறைகிறது, விற்பனையைக் காட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 உடன் ஒத்துப்போகாது, 90 ரூபாய் உள்ளீட்டு வரியும் (வாங்கும்போது கொடுத்து, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) போகிறது. ஒரு நாளைக்குச் சில்லறைதான். ஆனால் வருடம் முழுக்க இப்படி நடந்தால் நோட்டீஸுக்குப் பதில் எழுதும் நிலை வரும். கடன் தவணையும் இதே கதை. 24,000 ரூபாய் இஎம்ஐயில் அசல் 14,500, வட்டி 9,500 என்றிருந்தால், முழுவதையும் வட்டிச் செலவில் தள்ளிவிடும். வங்கியிடம் தவணை அட்டவணை வாங்காமல் எந்த ஏஐயும் அதைப் பிரிக்க முடியாது.

கிளையன்ட் முதலாளி ‘செல்வி’ என்ற பெயருக்கு யுபிஐயில் 8,000 அனுப்பியிருக்கிறார். அது கூலியா, வீட்டுச் செலவா, கைமாற்றைத் திருப்பியதா? நரேஷனில் அதற்கு விடை இல்லை. அதனால் விதி இப்படி இருக்கட்டும்: முதல்முறை வரும் எந்தப் பெயரும் சஸ்பென்ஸுக்கு (முடிவாகாததை நிறுத்திவைக்கும் லெட்ஜருக்கு) போக வேண்டும். கிளையன்ட்டிடம் கேட்டு ஒருமுறை லெட்ஜர் கொடுத்த பிறகே தானியங்கி விதி. விதிகளைக் கிளையன்ட் வாரியாக வையுங்கள். ஒருவருக்குக் கொள்முதலாக இருக்கும் பார்ட்டி இன்னொருவருக்குக் கடன் கொடுத்தவராக இருக்கலாம்.

லெட்ஜர் மாஸ்டரை (லெட்ஜர்களின் பட்டியலை) சுத்தம் செய்யாமல் இதில் எதுவும் நடக்காது. ‘முருகன் டிரேடர்ஸ்’, ‘முருகன் டிரேடிங்’, ‘முருகன் டிஆர்எஸ்’ என்று ஒரே பார்ட்டி மூன்று லெட்ஜரில் இருந்தால் மென்பொருள் மூன்றிலும் பிரித்துப் போடும். ஜிஎஸ்டி எண்ணை வைத்து வரிசைப்படுத்தி, இரட்டைகளை ஒன்றாக்கிவிட்டுத் தொடங்குங்கள். அலுப்பான வேலைதான், மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன்பே முடித்துவிட வேண்டிய வேலை.

பில்லைப் படிப்பதில் ஒரு குறுக்குவழி

படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் முறையைக் கடைசியில் வையுங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டிய வியாபாரிகள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவாகும் பில்) கட்டாயம். அந்தப் பில்லில் க்யூஆர் கோடு இருக்கும். விற்றவர், வாங்கியவர் ஜிஎஸ்டி எண்கள், பில் எண், தேதி, மொத்தத் தொகை, எத்தனை உருப்படி, முக்கியப் பொருளின் ஹெச்எஸ்என் (பொருள் வகை எண்), 64 எழுத்து ஐஆர்என் (பில்லின் பதிவு எண்) எல்லாம் அதில் டிஜிட்டல் கையெழுத்தோடு உள்ளன. இதைப் படித்தால் ஓர் எழுத்துகூடப் பிசகாது. எந்த ஜிஎஸ்டி எவ்வளவு என்ற பிரிவு மட்டும் அதில் இல்லை. அதை 2பியிலிருந்து (சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) எடுக்கலாம். மென்பொருள் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “உங்கள் மென்பொருள் க்யூஆரைப் படிக்குமா, வெறும் படத்தைத்தான் படிக்குமா?”

க்யூஆர் இல்லாத சிறு பில்லில் ஜிஎஸ்டி எண்ணைச் சோதிக்க வழி இருக்கிறது. 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான். 14ஆவது பொதுவாக ‘இசட்’. அங்கே 2 என்று வந்தால் மென்பொருள் தப்பாகப் படித்திருக்கிறது. கடைசி எழுத்து முந்தைய 14ஐயும் வைத்துக் கணக்கிடப்படும் சரிபார்ப்பு எழுத்து. இந்தச் சோதனை மென்பொருளுக்குள் இல்லையென்றால் வாங்காதீர்கள்; எழுதச் சில வரி நிரல் போதும், அதைக்கூடச் செய்யாதவர்கள் வேறு எதைச் செய்திருப்பார்கள்?

மாநில எண் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். 29இல் தொடங்கும் கர்நாடகப் பில்லில் ஐஜிஎஸ்டிக்கு (மாநிலம் தாண்டிய வரி) பதில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்துக்குள் போடும் வரி) இருந்தால் நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் பெங்களூரு ஓட்டல் அறை பில்லாக இருக்கும். அந்த வரி கர்நாடகத்தில் பதிவு உள்ளவருக்கே; ஈரோட்டுப் பதிவில் எடுக்க முடியாது. ஏஐ அதை எடுத்து வைத்துவிடும்.

14க்கும் 20க்கும் நடுவில்

ஜிஎஸ்டிஆர்-1க்குக் கடைசி நாள் 11. 2பி உருவாவது 14. மாதாந்திரத் தாக்கல் செய்பவருக்கு 3பி 20. இந்த ஆறு நாள் நெரிசலைக் குறைக்காத மென்பொருளுக்குப் பணம் கொடுப்பது வீண். 2022 ஜனவரி 1 முதல் 2பியில் வராத உள்ளீட்டு வரியை எடுக்க முடியாது என்பதால், பர்ச்சேஸையும் 2பியையும் ஒப்பிடுவதே இன்று உங்கள் ஆபீஸின் முக்கிய வேலை.

ஒப்பிடும் விதியை மென்பொருளின் விருப்பத்துக்கு விடாதீர்கள். ஜிஎஸ்டி எண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பில் எண்ணில் சாய்கோடு, இடைவெளி, முன் பூஜ்யம் நீக்கிப் பார்க்கலாம். ‘ஏபி/0045’ம் ‘ஏபி-45’ம் ஒன்றே. வரித் தொகையில் ஒரு ரூபாய் வரை வித்தியாசத்தை விடலாம். இதற்கு மேல் ‘கிட்டத்தட்ட ஒன்று’ என்று சேர்க்கும் வசதியை அணைத்துவையுங்கள். மாதாமாதம் ஒரே தொகைக்கு வரும் வாடகை பில்லில் 1045ஐ 1046உடன் சேர்த்துவிடும்.

2பியிலிருந்தே பர்ச்சேஸ் என்ட்ரியை டேலிக்குள் இறக்கும் வசதியும் இப்போது வருகிறது. வேகம்தான். ஆனால் முதலாளி வீட்டுக்கு வாங்கிய ஏசி, இன்னும் வந்து சேராத சரக்கு, ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 17(5)இல் தடுக்கப்பட்ட உள்ளீட்டு வரி எல்லாம் 2பியில் வரிசையாக நிற்கும். பில் கையிலும் சரக்கு குடோனிலும் இருக்கிறதா என்று கேட்கும் ஆள் ஒருவர் நடுவில் வேண்டும்.

ஜிஎஸ்டி தளத்தில் 2024 அக்டோபரில் வந்த ஐஎம்எஸ் பக்கத்தில் சப்ளையர் காட்டிய ஒவ்வொரு பில்லையும் ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிறுத்திவைக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். மென்பொருளில் இதற்கு மொத்தமாக அழுத்தும் பொத்தான் இருக்கும். ஏற்பதற்கு அதைப் பயன்படுத்தலாம். நிராகரிக்க ஒருபோதும் வேண்டாம். கிரெடிட் நோட்டை (சப்ளையர் பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) தவறாக நிராகரித்தால் சப்ளையரின் வரி கூடும், மறுநாள் சண்டை போன் உங்கள் கிளையன்ட்டுக்கு வரும். 14க்குப் பிறகு எதையாவது மாற்றினால் 2பியை மறுபடி கணக்கிட வைத்த பிறகே 3பிக்குப் போங்கள்.

அரட்டை ஏஐயிடம் சட்டம் கேட்பது

கடிதத்தைச் சீர் செய்ய, நோட்டீஸைச் சுருக்கிச் சொல்ல அது நல்ல உதவி. வரி விகிதமும் பிரிவு எண்ணும் கேட்டால் பழையதைச் சொல்லும். 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீத அடுக்கே இல்லை. ஆயத்த ஆடையில் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. முன்பு எல்லை 1,000, அதற்கு மேல் 12. உங்கள் ஜவுளிக் கிளையன்ட்டுக்குப் பழைய விடையைச் சொன்னால் என்னாகும் என்று உங்களுக்கே தெரியும். வருமான வரியில் இன்னும் சிக்கல். 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்பு. பழைய ஆண்டுகளுக்கான நோட்டீஸ்களோ 1961 சட்டத்தின்படியே. ஏஐ இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து தரும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு அந்நாட்டு அரசுக்கு ஏஐயையும் பயன்படுத்தித் தயாரித்த அறிக்கையில் இல்லாத ஆய்வுகளும் தீர்ப்பில் இல்லாத மேற்கோளும் இருந்ததால், கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர 2025 அக்டோபரில் பன்னாட்டு ஆலோசனை நிறுவனமான டெலாய்ட் ஒப்புக்கொண்டது. ஏஐ சொல்லும் தீர்ப்பின் மூலப் பிரதி உங்கள் கைக்கு வராதவரை அதை எழுதாதீர்கள்.

கிளையன்ட்டின் ஸ்டேட்மென்ட்டை இலவச அரட்டைச் செயலியில் ஏற்றவே கூடாது. ஒப்புதல் இல்லாமல் கிளையன்ட் தகவலை வெளியிடுவது சிஏ சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி ஒழுங்கீனம். ஆபீஸ் பையன் அவசரத்தில் தன் போனில் செய்வான். எழுத்தில் தடை போட்டு, மாற்றாக ஒரு கட்டணக் கணக்கையும் கொடுங்கள். அப்படியே, மேசை டிராயரில் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கும் கிளையன்ட்டுகளின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களையும் பூட்டி வையுங்கள்.

உங்களிடம் பிரைவேட் லிமிடெட் கிளையன்ட் இருந்தால் இன்னொரு கவனம். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தத் தடம் (யார், எப்போது, எதை மாற்றினார் என்பது) அணைக்க முடியாதபடி பதிவாக வேண்டும். ஏஐ மென்பொருள் ‘அட்மின்’ பெயரில் என்ட்ரி போட்டால், எதை மனிதர் போட்டார், எதை இயந்திரம் போட்டது என்று தடத்தில் பிரியாது. டேலியில் அதற்கென்று தனி யூசர் உருவாக்குங்கள். தனி வியாபாரி, கூட்டு நிறுவனக் கணக்குகளுக்கு இந்த விதி இல்லை, ஆனாலும் தனி யூசர் பழக்கம் நல்லதே.

ஆள் விஷயம்

குறைக்காதீர்கள், முதல் வருடம் நிச்சயமாக வேண்டாம். எந்தப் பார்ட்டி எந்தக் கிளையன்ட்டுக்கு என்ன என்பது பத்து வருடமாக என்ட்ரி போட்டவரின் தலையில்தான் இருக்கிறது. சஸ்பென்ஸைத் தீர்க்கவும் 2பியில் விடுபட்டதை சப்ளையரிடம் போனில் கேட்கவும் அவரே சரியான ஆள். தட்டச்சு வேகத்துக்காக மட்டும் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தலாம்.

உண்மையான சிக்கல் ஆர்டிகிள் மாணவர்களிடம், அதாவது ஆபீஸில் பயிற்சி பெறும் சிஏ மாணவர்களிடம். 2023 ஜூலை முதல் பயிற்சிக் காலம் மூன்றிலிருந்து இரண்டு ஆண்டாகிவிட்டது. என்ட்ரியே போடாமல் நேராகச் சரிபார்க்க உட்கார்ந்தால், 49,410ஐப் பார்த்ததும் சந்தேகப்படும் கண் அவர்களுக்கு வராது. முதல் மூன்று மாதம் இரண்டு கிளையன்ட்டையாவது முழுக்கக் கையால் போடச் சொல்லுங்கள்.

கட்டணத்தை என்ட்ரி எண்ணிக்கையில் வாங்கிக்கொண்டிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் மிச்சப்படுத்திய நேரத்துக்குக் கிளையன்ட் தள்ளுபடி கேட்பார். ஜிஎஸ்டி பதிவு எத்தனை, பேங்க் கணக்கு எத்தனை, மாதம் எந்தத் தேதிக்குள் காகிதம் வருகிறது என்ற மூன்றையும் வைத்து மாதக் கட்டணம் போடலாம். 5ஆம் தேதிக்குள் கொடுப்பவருக்கும் 18ஆம் தேதி கொடுப்பவருக்கும் ஒரே தொகை இருக்க வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தில் இரண்டை எழுதி வாங்குங்கள்: நிறுத்தும்போது விதிகளையும் தரவையும் எக்செலாகத் தர வேண்டும்; உங்கள் கிளையன்ட் தரவை வைத்து அவர்கள் ஏஐயைப் பயிற்றுவிக்கக் கூடாது. ஆண்டுச் சந்தாவுக்கு முன் மூன்று மாதச் சந்தா கேளுங்கள். வரித் தணிக்கையும் அதன் ரிட்டர்னும் ஓய்ந்த பிறகு, நவம்பரில் ஐந்து கிளையன்ட்டோடு தொடங்கினால் மார்ச் வருவதற்குள் விதிகள் படிந்திருக்கும்.