ஆர்மரர் பதில்கள்: இருபது அங்குலம் போதும், தம்பி

கேள்வி: ஐயா, போன வருடம் கிரீன் கார்டு வந்தது. டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறோம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரைபிள் வாங்க ஆசை. நவம்பரில் மான், நண்பரின் பண்ணையில் காட்டுப்பன்றி, மற்ற நாட்களில் ரேஞ்சில் காகித இலக்கு. .308 அளவுத் தோட்டா போடும், ஒவ்வொரு ரவுண்டுக்கும் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் என்று முடிவு செய்துவிட்டேன். கடைக்காரர் 24 அங்குலக் கனத்த பேரல், அதாவது குழல்தான் வேண்டும் என்கிறார். ஆபீஸ் நண்பர் 16 போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், கேட்டி

பதில்: இரண்டு பேரும் அவரவருக்குப் பிடித்ததைச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு 20 அங்குலம், நடுத்தரக் கனம். அவ்வளவுதான்.

.308-இல் பேரலை ஓர் அங்குலம் குறைத்தால் குண்டின் வேகத்தில் நொடிக்கு இருபது, இருபத்தைந்து அடி போகும். 24-ஐ 20 ஆக்கினால் நூறு அடி நஷ்டம் என்றே வையுங்கள். 2,800 அடியில் நூறு. மானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் பிளைண்ட் என்கிறார்களே, மறைந்திருந்து சுடும் அந்தப் பெட்டி அறையின் சின்ன ஜன்னல் வழியாகச் சத்தமில்லாமல் பேரலை நீட்டும்போது நாலு அங்குலம் உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

பட்டாளத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாக இருந்தபோது என் கையில் புழங்கிய 7.62 எஸ்எல்ஆர் ரைபிளுக்கு 21 அங்குலம். அதே தோட்டாவுக்கு இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 2ஏ1 ரைபிளுக்கு 25 சொச்சம். உங்கள் .308-க்கு அந்த 7.62 உடன்பிறப்பு மாதிரி. 21 அங்குலம் போதவில்லை என்று 300 கஜத்தில் யாரும் என்னிடம் புகார் கொண்டுவந்ததில்லை.

சரி, 16 ஏன் வேண்டாம்? சட்டப்படி தடையில்லை. 16-க்குக் கீழே போனால்தான் 1934-ஆம் வருடத்துச் சட்டப்படி தனிப் பதிவு. ஆனால் .308 அந்த நீளத்தில் காதைக் கிழிக்கும், பேரல் வாயில் தீ பெரிதாகத் தெரியும். புதிதாகச் சுடுகிறவர் நாலாவது ரவுண்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு டிரிகரை இழுக்க ஆரம்பிப்பார். அந்தப் பழக்கத்தை விடுவிப்பது பெரும் பாடு.

கனத்த பேரல் சூடேற நேரமாகும். மேசையில் உட்கார்ந்து இருபது ரவுண்டு சுடுகிறவருக்கு நல்லது. மானுக்கு மூன்றாவது ரவுண்டு தேவைப்பட்டால் கோளாறு பேரலில் இல்லை. அரிசோனாவில் ஜெஃப் கூப்பர் என்றொருவர் 1980-களில் இதே ‘எல்லாவற்றுக்கும் ஒரு ரைபிள்’ விஷயத்தை உட்கார்ந்து யோசித்தார். நீளம் ஒரு மீட்டருக்குள், எடை மூன்று, மூன்றரை கிலோவுக்குள், தோட்டா .308 என்றார். அதுவரை எனக்குச் சம்மதம். குறிபார்க்கும் தொலைநோக்கிக் கண்ணாடியை முன்னால் தள்ளி பேரல் மேல் வை என்றாரே, அது எனக்கு ஒத்துவரவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் இலக்கைத் தேடியே நேரம் போய்விடும்.

பேரலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் புரி, 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று பார்த்து வாங்குங்கள். 150 கிரெய்ன் எடையிலிருந்து 175 வரை எல்லாக் குண்டும் நிலையாகப் போகும். அதற்கு மேல் பேரலைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது பொருத்துவதைப் பற்றி. இரண்டு வருடம் முன்பு மகன் வீட்டுக்கு சான் அன்டோனியோ போயிருந்தேன். அவனுடைய ரைபிள் 100 கஜத்தில் ஆறு அங்குல குரூப்பிங் போட்டது, அதாவது குண்டுகள் ஆறு அங்குலத்துக்குச் சிதறி விழுந்தன. “பேரலை மாத்திடலாமாப்பா?” என்றான். பொறு என்று ஒரு டாலர் நோட்டை எடுத்துப் பேரலுக்கும் அதைத் தாங்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு இழுத்தேன். முன்பக்கம் வலப்புறத்தில் சிக்கியது. பேரல் கட்டையைத் தொடுகிறது, சூடானதும் ஒரு பக்கம் தள்ளுகிறது. உப்புத்தாள் வைத்து அந்த இடத்தைத் தேய்த்தேன். குரூப்பிங் நாலு அங்குலத்துக்கு வந்து அங்கேயே நின்றது.

மறுநாள் கண்ணாடியைக் கழற்றினால், அடியில் இருக்கும் பேஸின் முன் திருகு கையாலேயே சுற்றுகிறது. அதை மாட்டிக் கொடுத்தவன் நான்தான், முந்தின வருடம். 24 வருடம் ஆர்மரர் வேலை பார்த்தவன்! மகன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தான். எண்ணெய் போகத் துடைத்து, திருகு கழலாமல் பிடிக்கும் நீலப் பசை ஒரு சொட்டு வைத்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் சாவியால் அளவாக இறுக்கினோம். அப்புறம் ஒன்றரை அங்குலம்.

அதனால் பேரலுக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு டார்க் சாவியும் கண்ணாடியைப் பிடிக்கும் நல்ல ரிங்கும் வாங்குங்கள். கண்ணாடி 3-9 மடங்கு பெரிதாக்கினால் போதும். 100 கஜத்தில் குண்டு இரண்டு அங்குலம் மேலே விழும்படி வைத்தால் 200-இல் ஏறக்குறைய நேராக இருக்கும். மானுக்குப் போகும்முன் வேட்டை உரிமம் எடுங்கள். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவரானால் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும்.

கேள்வி: என்னோடு ரேஞ்சுக்கு வர ஒரு நண்பன் ஆசைப்படுகிறான். அவன் எச்-1பி விசா. சும்மா சுட்டுப் பார்க்கலாம்தானே?
– அதே வாசகர்

பதில்: கூடாது. அந்த மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். ரேஞ்சில் கையில் வாங்கினாலும் வைத்திருந்த கணக்குதான். சில விலக்குகள் உண்டு. அதில் ஒன்று, ஏதாவதொரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். டெக்சாஸ் உரிமம் ஆகஸ்ட் 31-உடன் முடியும், செப்டம்பரில் பழையதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகக்கூடாது. பச்சை அட்டை உங்களுக்குக் கிடைத்துவிட்டதால் இந்தத் தொல்லை இல்லை. அவன் பிழைப்பு அந்த விசாவில் இருக்கிறது. உரிமம் எடுக்கட்டும், ஒரு வக்கீலிடமும் கேட்கட்டும், பிறகு கூட்டிப்போங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பேரலைத் தேய்த்துக் கழுவ வேண்டுமா? – வாசகி, டாலஸ்

பதில்: தேய்த்துத் தேய்த்தே பேரலைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன் அம்மா. எண்ணெய்த் துணி ஒரு முறை, உலர்ந்த துணி இரண்டு முறை போதும். சுத்தம் செய்யும் கம்பியை எப்போதும் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாக விடுங்கள். முன்னால் வாய் வழியாக விட்டால் கம்பி உரசி அந்த விளிம்பு தேயும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அது. பட்டாளத்தில் இதற்காகவே கயிற்றில் துணித் துண்டு கோத்து இழுக்கும் புல்த்ரூ கொடுப்பார்கள். நேராக இழுக்காமல் விளிம்பில் சாய்த்து இழுத்தவனை எங்கள் ஹவில்தார் மைதானத்தை ஐந்து சுற்று ஓட வைப்பார். நான் இரண்டு முறை ஓடியிருக்கிறேன்.