வாசகர் கேள்வி பதில்: எண்ணெய் திரும்பிச் செல்லும் வழி

கேள்வி: வாளையாரில் லாரிப் பட்டறை நடத்துகிறேன். ஒரு டிப்பர் லாரியின் டர்போவில் (புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இரு பக்கமும் எண்ணெய் கசிகிறது. நீலப் புகையும் வருகிறது. டர்போ பழுதென்று எண்ணிப் புதிதாக ஒன்றை மாட்டினோம். சில வாரங்களில் அதுவும் அவ்வாறே கசியத் தொடங்கிவிட்டது. வண்டி உரிமையாளர் இன்னொரு டர்போ வாங்கித் தரத் தயாராக இருக்கிறார். வாங்கச் சொல்லலாமா? (ஒரு பட்டறை உரிமையாளர், வாளையார்)

பதில்: இப்போது வாங்கச் சொல்லாதீர்கள், ஐயா. அடுத்தடுத்து இரண்டு டர்போக்கள் ஒரே விதமாகக் கசிந்தால், டர்போவைச் சந்தேகிப்பதைவிட அதிலிருந்து எண்ணெய் வெளியேறும் வழியைச் சந்தேகிப்பதே முறை. டர்போவின் ஷாஃப்டில் (சுழல்தண்டில்) இரு முனையிலும் இருப்பவை ரப்பர் சீல்கள் அல்ல; பிஸ்டன் ரிங்கைப் போன்ற மெல்லிய இரும்பு வளையங்கள். இரு புறமும் உள்ள காற்று, புகை ஆகியவற்றின் அழுத்தம் நடுப்பகுதிக்குள் வராமல் தடுப்பதே அவற்றின் முதன்மையான வேலை. நடுவிலுள்ள பேரிங் கூடு எண்ணெயால் நிரம்பிவிட்டால் அதைத் தடுத்து நிறுத்தும் வலிமை அந்த வளையங்களுக்குக் கிடையாது.

எண்ணெய் உள்ளே வருவது பம்பின் அழுத்தத்தால்; வெளியே போவதோ தன் எடையால் மட்டுமே. அதுவும், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகள் வரை சுழலக்கூடிய ஷாஃப்டால் அடிக்கப்பட்டு, கடைந்த மோரைப் போல நுரைத்துப் பருத்து வெளியேறுகிறது. உள்ளே வரும் குழாய் மெல்லியதாகவும் வடிகுழாய் அதைவிடப் பல மடங்கு அகலமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். எனவே வடிகுழாயின் உள்விட்டத்தைச் சிறிதும் குறைக்கக் கூடாது. அசல் குழாய் கிடைக்கவில்லை என்று கைக்குக் கிடைத்த ஹோஸை வளைத்துப் பொருத்துவது நம் பக்கத்துப் பட்டறைகளில் நான் அடிக்கடி காணும் வழக்கம். வருத்தத்துடன் சொல்கிறேன், பல டர்போக்களின் ஆயுள் அந்த ஒரு ஹோஸால்தான் குறைகிறது.

குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். புகைப்போக்கியின் சூட்டில் எண்ணெய் கருகிப் படிந்திருக்கலாம். ஹோஸின் வெளித்தோல் நன்றாக இருக்கும்போதே உள்தோல் உப்பி வழியை அடைத்திருக்கலாம். கேஸ்கெட்டுக்குப் பதிலாகத் தடவிய பசை உள்ளே பிதுங்கி ஓட்டையைப் பாதி மூடியிருக்கலாம். குழாய் இறங்கும் விதத்தையும் கவனியுங்கள். டர்போவின் வடிவாய் (எண்ணெய் வடியும் வாய்) செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. அங்கிருந்து சம்ப் (எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) வரை எந்த இடத்திலும் குழாய் மேலேறவோ, தொங்கித் தேங்கவோ கூடாது. சம்ப்பில் அது சேருமிடம் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். டிப் ஸ்டிக்கில் உள்ள மேல் கோட்டையும் தாண்டி எண்ணெய் ஊற்றும் பழக்கம் இருந்தால், குழாயின் அந்த முனை எண்ணெய்க்குள் மூழ்கிப்போகும்.

குழாயில் குறை எதுவும் இல்லையென்றால் எஞ்சினைப் பாருங்கள். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தாலும் பிரீதர் (உள்ளிருக்கும் காற்று வெளியேறும் துவாரம்) அடைத்தாலும் சம்ப்புக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் இறங்கிவரும் எண்ணெயை மேலே தள்ளும். இதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. வடிகுழாயை எஞ்சின் பக்கம் கழற்றி ஒரு தகரப் பாத்திரத்தில் விட்டு, எஞ்சினில் திறந்த வாயை அடைத்துவிட்டு, எண்ணெய் மட்டம் குறையாதபடி சில நிமிடங்கள் மட்டும் ஐட்லிங்கில் ஓட்டுங்கள். கசிவு நின்றால் குற்றம் எஞ்சின் பக்கம் இருக்கிறது. நிற்காவிட்டால் குழாயிலோ டர்போவிலோதான். எண்ணெய் கொதிநீரை ஒத்த சூட்டில் வரும் என்பதால் கையுறை இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். டிப்பர் லாரி மண்ணிலும் கல்தூசியிலும் ஓடுவது. ஏர் கிளீனர் அடைத்திருந்தால் காற்றை உறிஞ்சும் பக்கத்தில் வெற்றிடம் கூடி எண்ணெயை இழுக்கும் என்பதால் அதையும் இத்துடன் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கஞ்சிக்கோட்டில் உள்ள எங்கள் ஆலையில், இட நெருக்கடி காரணமாக, அதிவேகச் சிறு கியர் பெட்டி ஒன்றின் எண்ணெய்த் தொட்டியை ஐந்து மீட்டர் தள்ளி வைத்தோம். பம்ப் நிமிடத்துக்கு 12 லிட்டர் தருகிறது. திரும்பும் குழாய் 25 மி.மீ. இடம் மாற்றியதிலிருந்து பெட்டி அளவுக்கு மீறிச் சூடாகிறது. ஷாஃப்ட் ஓரம் எண்ணெய் சொட்டுகிறது. ஆயில் சீலை மாற்றியும் பயனில்லை. (ஒரு பராமரிப்பு மேற்பார்வையாளர்)

பதில்: உங்கள் குழாய் சிறியது, இதைக் கணக்கே காட்டிவிடும். தன் எடையால் வடியும் எண்ணெய்க்கான குழாயைப் பாதியளவுக்கு மேல் நிரம்பாமல், நொடிக்கு ஏறத்தாழ 0.3 மீட்டர் வேகத்தில் ஓடும்படி அமைப்பது நல்ல வழக்கம். மேல் பாதி, நுரைக்கும் காற்றுக்கும் உரியது. அந்தக் கணக்கில் 25 மி.மீ. குழாய் நிமிடத்துக்கு நாலரை லிட்டரைத்தான் தாங்கும். 40 மி.மீ. குழாய் பதினொன்றைச் சற்றே தாண்டும். 50 மி.மீ. குழாய் பதினேழு லிட்டருக்கு மேல் தாங்கும் என்பதால் உங்களுக்கு அதுவே பொருந்தும்.

சரிவு மீட்டருக்கு 40 மி.மீ. இருந்தால் நல்லது. ஐந்து மீட்டருக்கு 200 மி.மீ. இறக்கம் வேண்டும் என்பதால், தொட்டியைத் தாழ்த்த முடியாவிட்டால் கியர் பெட்டியின் மேடையை உயர்த்த வேண்டியிருக்கும்; இதில் சமரசம் செய்துகொள்ளாதீர்கள். திருப்பங்களில் எல்போவுக்குப் பதிலாக நீண்ட வளைவுகளைப் பொருத்துங்கள். குழாயின் முடிவு உயரத்திலிருந்து எண்ணெய்ப் பரப்பில் விழுந்தால் நுரை பெருகும். முழுதும் மூழ்கியிருந்தால் குழாயிலுள்ள காற்று வெளியேற வழியின்றி எண்ணெயை மறிக்கும். ஆகவே எண்ணெயைத் தொட்டிச் சுவரோரமாக ஒரு சாய்தகட்டில் இறக்கி வழியவிடுங்கள். தொட்டிக்கும் பெட்டிக்கும் பிரீதர் திறந்திருக்கட்டும்.

சூட்டின் காரணமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. வடியாமல் தேங்கிய எண்ணெயைப் பற்சக்கரங்கள் இடைவிடாது அடிப்பதால் அந்த உழைப்பு முழுவதும் வெப்பமாகிறது. அதிவேகச் சக்கரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் எண்ணெயையும் சுழலும் திசையிலேயே இழுத்துச் செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள். சிறிய பெட்டியில் சக்கரத்துக்கும் சுவருக்கும் இடைவெளி குறைவு என்பதால் இந்த இழுப்பு அங்கே கடுமையாக இருக்கும். எண்ணெய் வீசப்படும் பக்கத்தில் வடிவாய் அமைந்தால் அது தானே வெளியேறும். எதிர்ப்பக்கத்தில் அமைந்தால் வடிவாயைக் கடந்து சுற்றிக்கொண்டே இருக்கும். இடம் மாற்றியபோது மோட்டார் இணைப்பு மாறிச் சுழலும் திசை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். திசை சரியாக இருந்தும் குழாயை மாற்றிய பின் சூடு தணியாவிட்டால், சக்கரத்துக்கும் வடிவாய்க்கும் நடுவே துளையிட்ட தடுப்புத் தகடு ஒன்றைப் பொருத்தலாம். சீலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: நெல்லியாம்பதியில் தேயிலை இயந்திரங்களின் சிறு கியர் பெட்டிகளில் எண்ணெய் மாற்றும்போது, அது வடிய வெகுநேரம் ஆகிறது, சில நேரம் வெண்மையாகவும் வருகிறது. (ஒரு தொழிற்சாலை ஊழியர்)

பதில்: குளிர்ந்த காலையில் வடிக்காதீர்கள். 40 டிகிரியில் இருக்கும் எண்ணெய் 20 டிகிரிக்குக் குளிரும்போது இரண்டரை மடங்குக்கு மேல் தடித்துவிடும். மெல்ல வடியும்போது அடியிலுள்ள உலோகத் துகள்களும் பெட்டியிலேயே தங்கிவிடும். வேலை முடிந்து இயந்திரத்தை நிறுத்தியவுடன், சூடு ஆறுவதற்குள் வடித்துவிடுங்கள். மேல் மூடியைத் திறந்து காற்றுக்கு வழிவிட்டால் ஓட்டம் சீராக இருக்கும்.

வெண்மை, எண்ணெயில் நீர் கலந்ததன் அடையாளம். மழைக்காலத்தில் பெட்டி இரவில் குளிரும்போது பிரீதர் வழியே ஈரக்காற்று உள்ளே சென்று நீராகப் படியும். நீர் எண்ணெயைவிடக் கனமானது. ஆகவே வாரம் ஒருமுறை, நெடுநேரம் நின்றிருந்த இயந்திரத்தின் வடிதிருகை மெல்லத் தளர்த்தி, முதலில் வரும் நீரை மட்டும் ஒரு பாத்திரத்தில் வெளியேற்றலாம். கலங்கி வெளுத்த எண்ணெய் தெளியாது; அதை மாற்றத்தான் வேண்டும்.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் விடுவதையும் வேலிக்கால்களுக்குப் பூசுவதையும் நிறுத்துங்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. பொதுவாக 90 நாட்களுக்கு மேல் ஆலையில் தேக்கி வைக்கக் கூடாது. உங்கள் மலையடிவாரத்தில் போத்துண்டி அணை இருக்கிறது; கால்வாயில் விடும் எண்ணெய் அங்கே போய்ச் சேரலாம். நீரோ டீசலோ கலக்காமல் மூடிய பீப்பாயில் சேர்த்து, வடித்த தேதியை எழுதி ஒட்டி, உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.