இரண்டு பக்கமும் சேராதவள்

கேள்வி: ஜீன் ரீஸின் ‘வைட் சர்காசோ சீ’ நாவலில் அந்துவானெத் வெள்ளைக்காரி, தோட்ட முதலாளி மகள். அவளை ஏன் எல்லோரும் ஒதுக்குகிறார்கள்? – வாசகி, கும்பகோணம்

பதில்: காசுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். அடிமை ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்ட் 1இல் அமலானது. நாவல் நடக்கும் ஜமைக்காவில் அடிமைகளாக இருந்தவர்களில் பெரும்பாலோர் 1838 வரை ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் பழைய முதலாளியிடமே வாரத்தின் பெரும்பகுதி கூலியின்றி உழைத்தார்கள். பிரிட்டன் ஒதுக்கிய நஷ்டஈடு 2 கோடி பவுன், அது முதலாளிகளுக்கு. உழைத்தவர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. நாவலின் முதல் பக்கத்திலேயே அந்தப் பணத்துக்குக் காத்திருந்து சலித்த பக்கத்துத் தோட்ட முதலாளி கடலில் இறங்கி மறைந்துவிடுகிறார்.

நொடித்துப்போன அந்துவானெத்தின் குடும்பத்தைப் பணக்கார வெள்ளையர் மதிப்பதில்லை. கறுப்பின மக்களுக்கோ இவள் ‘வெள்ளைக் கரப்பான்’. வீடு எரியும் இரவில் தோழி தியாவிடம் ஓடுகிறாள். தியா கல்லெறிகிறாள். ஒருத்தி முகத்தில் ரத்தம், மற்றவள் முகத்தில் கண்ணீர். அந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். தியாவின் தரப்பை நாவல் அவள் வாயால் சொல்லவிடாதது எனக்குக் குறைதான்.

வழுக்குமிடம் இரண்டாம் பாகம். அதைப் பெரும்பாலும் சொல்வது கணவன். அவனை அப்படியே நம்பிவிடாதீர்கள். மனைவிக்கு ‘பெர்த்தா’ என்று பெயர் மாற்றுபவன் அவன்தான்.