குழந்தைகள் டிவி நிகழ்ச்சித் தொகுப்பாளர் வேலை சுலபமான வேலைதானே? அதில் பெயர் வாங்கியவர் யாராவது உண்டா?

உண்டு. ஜான் நோக்ஸ். இங்கிலாந்துக்காரர்.

அவரை எனக்கு அறிமுகம் செய்தது டிவி இல்லை, என் பிழைப்பு. நான் கட்டட வேலை நடக்கும் இடங்களில் சேஃப்டி ஆபிசர். உயரத்தில் ஏறப்போகும் புது ஆட்களுக்கு வகுப்பு எடுக்கும்போது ஒரு பழைய வீடியோ போட்டுக் காட்டுவேன். 1977-ல் எடுத்தது. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நெல்சன் தூண் இருக்கிறதே, கிட்டத்தட்ட 51 மீட்டர் உயரம், அதில் படிந்த புறா எச்சத்தைச் சுத்தம் செய்கிறவர்களோடு ஒருவர் மேலே ஏறுகிறார். தூணோடு ஒன்றன்மேல் ஒன்றாக ஏணிகளைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான். இடுப்பில் பெல்ட் கிடையாது, விழுந்தால் தாங்கும் லைஃப்லைன் கயிறு கிடையாது. ஏறிக்கொண்டே வேறு பேசுகிறார்.

வகுப்பில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சார், பெல்ட் எங்க?" இரண்டாவது, "இவரு பெயிண்டரா சார்?"

"இல்லப்பா, சின்னப் பிள்ளைங்க ப்ரோகிராம் நடத்துறவரு" என்றால் நம்ப மாட்டார்கள்.

அந்த நிகழ்ச்சியின் பெயர் 'ப்ளூ பீட்டர்'. பிபிசியில் 1958 அக்டோபரில் ஆரம்பித்து இன்றும் வந்துகொண்டிருக்கிறது. நோக்ஸ் காலத்தில் வாரம் இரண்டு நாள், பெரும்பாலும் நேரலை. பாத்திரம் கழுவும் திரவத்தின் காலிப் பாட்டிலை வெட்டிப் பொம்மை செய்வார்கள், நாய் பூனை வளர்ப்பார்கள், நல்ல காரியத்துக்குப் பழைய பொருள் சேர்ப்பார்கள். நடுநடுவே யாராவது ஒருவரை ஏதாவது ஓர் ஆபத்தில் இறக்கிவிடுவார்கள். அந்த யாராவது ஒருவர் பெரும்பாலும் நோக்ஸ்தான்.

1934-ல் யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் பக்கத்து ஷெல்ஃப் என்ற ஊரில் பிறந்தவர். விமானப்படையில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்து, பிறகு நடிப்புப் படித்து நாடக மேடைக்கு வந்தார். ஓர் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த அவருடைய போட்டோவைப் பார்த்துத்தான் ப்ளூ பீட்டரின் எடிட்டர், பிடி பாக்ஸ்டர் என்ற பெண்மணி, கூப்பிட்டு அனுப்பினார். சேர்ந்தது 1965 டிசம்பர் 30. விலகியது 1978 ஜூன். பன்னிரண்டரை வருஷம். அந்த நிகழ்ச்சியில் இன்றுவரை அவ்வளவு நாள் தாக்குப்பிடித்த தொகுப்பாளர் வேறு யாரும் இல்லை.

1969-ல் ஸ்டூடியோவுக்கு லுலு என்ற குட்டி யானையைக் கொண்டுவந்தார்கள். அது விளக்கு வெளிச்சத்தில் நின்றபடியே தரையெல்லாம் மூத்திரம் பெய்து, சாணமும் போட்டு, பாகனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. போகிற போக்கில் நோக்ஸ் காலையும் மிதித்தது. கூட நின்ற சக தொகுப்பாளர்கள் வலெரி சிங்கிள்டனும் பீட்டர் பர்வ்ஸும் சிரிப்பை அடக்க முடியாமல் திணறுகிறார்கள். பிரிட்டிஷ் டிவியில் திரும்பத் திரும்பப் போட்ட காட்சிகளில் இதுவும் ஒன்று. அதைப் பார்த்தவர்கள் நோக்ஸை ஒரு அசட்டுக் கோமாளி என்றுதான் நினைத்தார்கள். அந்த அசடு தான் போட்ட வேஷம், தன் சுபாவம் அமைதியானது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தூணில் ஏறுகிற வீடியோவை நூறு தடவை பார்த்தவன் என்ற முறையில் நான் அதை நம்புகிறேன். அசடன் அப்படி ஏற மாட்டான். ஒவ்வொரு பிடியையும் பார்த்துப் பிடிக்கிறார், எங்கேயும் அவசரப்படவில்லை. எஞ்சின் பிரித்துப் பழகிய கை அது.

1973-ல் விமானப்படை ஆட்களோடு 25,000 அடி உயரத்திலிருந்து பாராசூட்டில் குதித்தார். கிட்டத்தட்ட ஐந்து மைல். ராணுவத்தில் இல்லாத ஒரு பிரிட்டிஷ்காரர் அந்த உயரத்திலிருந்து குதித்தது அதுதான் முதல் தடவை.

இத்தனைக்கும் நெல்சன் தூணில் ஏறியபோது அவருக்கு இன்சூரன்ஸ்கூட இல்லை. வகுப்பில் நான் இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிடுவேன். தைரியசாலி ஒருவன் கிடைத்துவிட்டால் அவன் பாதுகாப்புக்குச் செலவு செய்ய யாருக்கும் தோன்றுவதில்லை. எங்கள் தொழிலிலும் அதே கதைதான். "அவன் பயப்பட மாட்டான் சார், அவனை ஏத்துங்க" என்று மேஸ்திரி யாரைக் காட்டுகிறாரோ, அவனைத்தான் நான் முதலில் பெல்ட் மாட்டச் சொல்வேன்.

கடைசியில் நோக்ஸுக்கும் பிபிசிக்கும் மனக்கசப்பு வந்தது உயரத்தால் அல்ல, ஒரு நாயால். 1971-ல் வந்த ஷெப், பார்டர் கோலி ஜாதி. திரையில் அது அவர்மேல் தாவிக்கொண்டே இருக்கும், அவர் "இறங்கு ஷெப்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த ஊரில் பிள்ளைகளெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தார்கள், பாட்டே வந்துவிட்டது. நிகழ்ச்சியை விட்டு விலகியபோது நாயைக் கொண்டுபோகலாம், ஆனால் விளம்பரத்தில் நடிக்க வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஷெப்பை விட்டுவிட்டுப் போனார். பிறகு அதே மாதிரி இருந்த வேறொரு நாயோடு நாய் உணவு விளம்பரத்தில் வந்தார். வீம்புதான். (நாயை மாற்றிக் காட்டும் வித்தை ப்ளூ பீட்டருக்கும் புதிதல்ல. 1962-ல் முதன்முதலாகக் காட்டிய நாய்க்குட்டி இரண்டு நாளில் செத்துப்போக, பிள்ளைகளுக்குச் சொல்லாமல் அதே மாதிரி இன்னொன்றைத் தேடிக் கொண்டுவந்து வைத்தார்கள்.)

1987-ல் ஷெப் இறந்தது. கொஞ்ச நாளில் ஒரு டிவி நிகழ்ச்சியில் அதைப் பற்றிச் சொல்ல வந்தவர் சொல்ல முடியாமல் அழுதுவிட்டார்.

அதற்குள் அவர் மனைவியோடு ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் குடியேறியிருந்தார். கடைசிக் காலத்தில் மறதி நோய். 2015-ல் ஒரு வெயில் நாளில் காணாமல் போய், ஹெலிகாப்டர் வைத்துத் தேடி, வறண்ட வடிகால் ஒன்றில் கண்டுபிடித்தார்கள். 2017 மே மாதம் இறந்தார். வயது 83.

அந்த வீடியோவைத் தேடிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கடைசிப் பகுதியைத் தவறவிடாதீர்கள். தூண் உச்சியில் நெல்சன் சிலை நிற்கும் மேடை தூணைவிட வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதனால் அங்கே ஏணி நம் முதுகுப் பக்கமாகச் சாய்ந்துவிடும். காலுக்குக் கீழே தூணும் இல்லை, வெறும் காற்று. அந்த இடத்தில் கையைப் பாருங்கள். அதுவரை விரலால் படியைப் பிடித்து வந்தவர், அங்கே முழங்கையை உள்ளே கொடுத்து ஏணியைக் கட்டிக்கொள்கிற மாதிரி ஏறுகிறார். பேச்சு மட்டும் நிற்கவே இல்லை.