மட்ச் பார்க்க எந்தச் சேவைக்குக் காசு கட்டுவது? – கேள்வி பதில்

டிஷ் பூட்டுவது, இணைய இணைப்புச் சரிபார்ப்பது, ரிவி பெட்டி மாட்டிக் கொடுப்பது என்று யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் போகிற வேலை எனக்கு. எங்கே போனாலும் கடைசியில் இந்தக் கேள்வி வந்துவிடும். அதனால் எங்கள் சனசமூக நிலையத்தில் எல்லோரிடமும் கேள்விகளை எழுதி வாங்கினோம். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவையும் இதில் இருக்கின்றன.

தம்பி, ஒரே ஒரு சந்தா கட்டினால் எல்லா விளையாட்டையும் நேரலையாகப் பார்க்கலாம் என்றால் அது எது? – ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்

ஐயா, அப்படி ஒன்று எந்த நாட்டிலும் இல்லை. ஒளிபரப்பு உரிமையைத் தொடர் தொடராகவும் நாடு நாடாகவும் பிரித்துத்தான் விற்கிறார்கள். ஐபிஎல்லை எடுங்கள். 2023 முதல் 2027 வரையான ஐந்து பருவங்களின் உரிமை 48,390 கோடி இந்திய ரூபாய்க்குப் போனது. இந்தியாவுக்குள் ரிவிக்கு ஒரு நிறுவனம், இணையத்துக்கு இன்னொரு நிறுவனம். பிறகு அந்த இரண்டு பக்கமும் ஒன்றாகி 2025 பெப்ரவரியில் ஜியோஹொட்ஸ்ரார் என்ற ஒரே இணையச் சேவை வந்தது. அவ்வளவு காசு போட்டவர்கள் அதை இன்னொரு சேவைக்குச் சும்மா விடமாட்டார்கள்.

ஆகவே சேவையின் பெயரில் இருந்து தொடங்காதீர்கள். ஒரு வருடத்தில் நீங்கள் உண்மையாகவே இருந்து பார்க்கும் தொடர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது நடக்கும் மாதங்களை எழுதுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விற்பவரிடம் கேட்டால் பதில் தெளிவாக வரும். "நல்ல ஸ்போர்ட்ஸ் பக்கேஜ் என்ன இருக்கு?" என்று கேட்டால் இருப்பதிலேயே விலை கூடியதைத்தான் காட்டுவார்கள்.

டிஷ், பியோ ரிவி, போன் செயலி. மூன்றில் எது நல்லது, அண்ணை? – சுன்னாகம்

வீட்டுக்குப் பைபர் இணைப்பு வந்திருந்தால் பியோ ரிவி பெட்டி. வராவிட்டால் டயலொக் ரிவி டிஷ். செயலியை இரண்டுக்கும் துணையாக மட்டும் வையுங்கள். இதுதான் என் முடிவு. காரணத்தையும் சொல்கிறேன்.

டிஷ்ஷுக்கு இணையம் தேவையில்லை, டேற்றா போகாது, படமும் பெரிதாகப் பிந்தாது. குறை என்றால் மழைதான். வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலையைப் பெருமழை உறிஞ்சிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான். ஆனால் சாதாரணத் தூறலுக்கே படம் உடைந்தால் பழி மழையில் இல்லை. வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை மாதிரிக் கரையோர வீடுகளில் இதை அடிக்கடி காண்கிறேன். பெட்டியின் மின் இணைப்பை எடுத்துவிட்டு, டிஷ்ஷின் முன்னால் அலையைப் பிடிக்கும் சிறிய தலையான எல்என்பியில் பூட்டிய கேபிளைக் கழற்றி, நடுக்கம்பியைப் பாருங்கள். அது பளபளப்பாக இருக்கவேண்டும். கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் உப்புக்காற்று உள்ளே போய்விட்டது. நல்ல கம்பி தெரியும்வரை வெட்டிப் புதுக் கொனெக்ரர் பூட்டி, மேலே நீர் புகாத ரப்பர் ரேப் சுற்றுங்கள். பாதி வீடுகளில் அத்துடன் சரியாகிவிடும்.

பியோ ரிவி எஸ்எல்ரி, அதாவது சிறிலங்கா ரெலிகொம், கம்பி வழியாகவே வருகிறது. பெட்டியில் பார்ப்பது உங்கள் இணைய டேற்றாவில் கழியாது, ஏனென்றால் அது இணையத்துக்குள்ளால் சுற்றி வராமல் கம்பனியின் சொந்த வலையமைப்பிலேயே தனிப்பாதையில் வருகிறது. மழைக்கும் அசையாது. செயலி அப்படி இல்லை. ஒவ்வொரு நிமிடமும் டேற்றா தின்னும்.

சென்னையில் இருக்கும் மச்சான் தன்னுடைய ஜியோஹொட்ஸ்ரார் கணக்கைத் தந்தார். இங்கே வேலை செய்யவில்லை. விபிஎன் போட்டால் சரிவருமா? – மானிப்பாய்

அந்தச் சந்தா இந்தியாவுக்குள் பார்ப்பதற்காக விற்கப்பட்டது. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதை உங்கள் இணைய முகவரி காட்டிக்கொடுத்துவிடும். உள்நுழையும்போது கேட்கும் இரகசிய எண்ணும் மச்சானின் இந்திய சிம்முக்குத்தான் போகும்.

விபிஎன் என்பது நீங்கள் வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டும் செயலி. அதை நான் யாருக்கும் பூட்டிக் கொடுப்பதில்லை. ஜியோஹொட்ஸ்ராரின் நிபந்தனைக்கு அது எதிரானது. கண்டுபிடித்தால் மச்சானின் கணக்குத்தான் மூடப்படும். நேரலைக்கு அது ஒத்துவருவதும் இல்லை. படம் இன்னொரு நாட்டு சேர்வரைச் சுற்றி வருவதால் கடைசி ஓவரில் வட்டம்தான் சுற்றும். இலவச விபிஎன் என்றால் இன்னும் மோசம். உங்கள் போக்குவரத்து முழுவதும் யாரென்றே தெரியாத ஒருவரின் கணினி வழியாகப் போகிறது. அதே போனில்தானே வங்கிக் கணக்கும் இருக்கிறது?

போனில் ஒரு ரி20 பார்த்தால் எவ்வளவு டேற்றா போகும்? – பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி

தங்கச்சி, கணக்கு லேசு. நல்ல தெளிவான எச்டி படம் செக்கனுக்கு 5 மெகாபிற் அளவில் வரும் என்று வைத்தால், மணித்தியாலத்துக்கு 2.25 ஜிபி. மூன்றரை மணித்தியால மட்ச்சுக்கு ஏறத்தாழ 8 ஜிபி. படத்தின் தரத்தை 480க்குக் குறைத்தால் 1.5 மெகாபிற் அளவில் வரும், முழு மட்ச்சும் இரண்டரை ஜிபிக்குள் முடிந்துவிடும். போன் திரையில் 480 தாராளமாகக் காணும். பந்து தெரியும், ஸ்கோரும் வாசிக்கலாம். ரெஸ்ட் மட்ச்சை எச்டியில் பார்க்க நினைத்தால் ஒரு நாளுக்கே 13 ஜிபிக்கு மேல் போகும். அதற்கு ரீலோட் பண்ணிக் கட்டுப்படியாகாது.

தரத்தை 'ஓட்டோ'வில் விடாதீர்கள். கவரேஜ் நன்றாக இருக்கும் இடத்தில் அது தானாகவே மேலே ஏறி டேற்றாவை முடித்துவிடும்.

பக்கத்து வீட்டில் சிக்சர் என்று கத்துகிறார்கள். எங்கள் போனில் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடத் தொடங்குகிறார். எங்கள் லைன் பழுதா? – இணுவில்

பழுது இல்லை. செயலியில் நேரலை தண்ணீர்க் குழாய் மாதிரித் தொடர்ந்து ஓடி வருவதில்லை. படத்தைச் சில செக்கன் நீளமான துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். ஒரு துண்டு ஆறு செக்கன் அளவில் இருக்கும். இடையில் நிற்காமல் ஓடவேண்டும் என்பதற்காகப் போன் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். வெட்டவும் அனுப்பவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் இருபது, முப்பது செக்கன் பிந்திவிடும். ரி20 இல் ஒரு இன்னிங்ஸ் 85 நிமிடம், 120 பந்து. பந்துக்குப் பந்து 42 செக்கன் அளவு. ஆக, நீங்கள் முக்கால் பந்து பின்னால் இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டில் டிஷ் இருக்கும்.

இதை முழுதாகப் போக்க முடியாது, குறைக்கலாம். ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் போன் இன்னும் பின்தங்கும். திரையில் 'லைவ்' என்ற பொத்தான் இருந்தால் அதை அழுத்தி முன்னுக்கு வாருங்கள். ஸ்கோர் செயலியின் அறிவித்தல்களையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் விக்கெட்டை அது முந்திச் சொல்லிவிடும்.

எங்கள் பெடியன், கிரிக்கெட் வீரர் வியாஸ்காந்த் வெளிநாட்டில் விளையாடும் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். எது கட்டலாம்? – பழைய மாணவர், யாழ். மத்திய கல்லூரி

அந்த ஆசை எனக்கும் இருக்கிறது. 2020 லங்கா பிரீமியர் லீக்கில் அவர் யாழ்ப்பாண அணிக்காக இறங்கியபோது இந்தக் குடாநாடே ரிவிக்கு முன்னால் இருந்தது. ஆனால் உரிமை தொடருக்குத்தான், வீரருக்கு இல்லை. 2024 இல் அவர் எமிரேட்ஸ் லீக்கில் விளையாடினார். அது இந்திய ரிவி நிறுவனமான சீயின் பக்கம் வந்தது. அதே வருடம் ஐபிஎல்லில் ஹைதராபாத்துக்கு விளையாடினார். அது இந்தியாவில் ரிவியில் ஸ்ரார், இணையத்தில் ஜியோசினிமா. சில மாதங்களுக்குள் ஒரே வீரருக்காக எத்தனை இடம் பாருங்கள். ஆகவே ஒரு வீரருக்காக வருடச் சந்தா கட்டவேண்டாம். அவர் அணியில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு அந்த மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

உதைபந்தாட்டம் மட்டும்தான் பார்ப்போம். – குருநகர் இளைஞர்கள்

பிரீமியர் லீக் எங்கள் பக்கத்துக்கு ஸ்ரார் வழியாக வருகிறது, சம்பியன்ஸ் லீக் சொனி வழியாக. இரண்டையும் பார்ப்பதென்றால் ஸ்ரார் ஸ்போர்ட்ஸ் செலக்ட் செனல்களும் சொனி ஸ்போர்ட்ஸ் செனல்களும் ஒரே பக்கேஜுக்குள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் பாதிதான் கிடைக்கும். பிரீமியர் லீக் ஓகஸ்ட் முதல் மே வரை. ஜூன், ஜூலையில் அந்த மேலதிகப் பக்கேஜை நிறுத்திவிடலாம்.

இன்னொன்று. சம்பியன்ஸ் லீக் பெரும்பாலும் குளிர்காலத்தில் எங்கள் நேரம் விடிய ஒன்றரைக்குத் தொடங்கும். விடியக் கடலுக்குப் போகிறவர்கள் அதை நேரலையாகப் பார்ப்பது கடினம். பியோ பெட்டியில் பின்னோக்கிப் போய்ப் பார்க்கும் வசதி இருக்கிறது. உங்கள் விளையாட்டுச் செனலுக்கும் அது உண்டா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

நான் லண்டனில். சனிக்கிழமை மூன்று மணி மட்ச் இங்கே ரிவியில் இல்லை, அம்மா ஊரில் இருந்து பார்க்கிறா. இது எப்படி? – ஈஸ்ற்ஹாம்

உண்மைதான், தம்பி. இங்கிலாந்தில் சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை உதைபந்தாட்டத்தை நேரலையாகக் காட்டக்கூடாது என்று நெடுங்காலத் தடை இருக்கிறது. சனம் வீட்டில் இருந்துவிடாமல் சிறிய கழகங்களின் மைதானத்துக்கும் போகவேண்டும் என்பது நோக்கம். எனக்கு அது நல்ல ஏற்பாடாகவே படுகிறது. அந்தத் தடை உங்கள் நாட்டுக்குள் மட்டும். அதனால் அம்மா அதே மட்ச்சை இங்கே பின்னேரம் ஏழரைக்கோ எட்டரைக்கோ பார்க்கிறா. 2025-26 பருவத்தில் பிரீமியர் லீக்கின் மொத்தம் 380 மட்ச்சில் ஸ்கை, ரிஎன்ரி என்ற இரண்டு ரிவி நிறுவனங்கள் முறையே குறைந்தது 215, 52 என்று பிரித்து எடுத்தன. இரண்டையும் கட்டினாலும் உங்களுக்கு எல்லாம் வராது. ஒன்றுதான் கட்டுவதென்றால் கூடுதலான மட்ச் வரும் ஸ்கையை எடுங்கள், ஆனால் உங்கள் கழகத்தின் எல்லா மட்ச்சும் அதிலும் வராது.

தம்பி, எனக்கு நாடகம், அவருக்கு மட்ச். ஒரு பெட்டிதான். – கோப்பாய்

அக்கா, ஒரு பெட்டி ஒரு நேரத்தில் ஒரு செனலைத்தான் காட்டும். இரண்டாவது பெட்டிக்கு மாதம் மாதம் கட்டவேண்டாம். சேவையின் செயலியில் அவரைப் போனில் மட்ச் பார்க்கச் சொல்லுங்கள், பெரிய ரிவி உங்களுக்கு.

ஒரே தடவை காசு, ஆயிரக்கணக்கான செனல் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். – சாவகச்சேரி

வாங்கவேண்டாம். அவை களவாக எடுத்த ஒளிபரப்பு. பெரிய மட்ச் அன்றுதான் உரிமைக்காரர்கள் தேடித் தேடி மூடுவார்கள். நீங்கள் காசு கட்டியதே அந்த நாளுக்காகத்தானே? பெட்டி நின்றுபோனால் கேட்பதற்கு ஒரு ஆளும் இருக்காது.

நெடுந்தீவில் என்ன செய்யலாம்?

நேரலை மட்ச்சுக்கு மட்டும் என்றால் டிஷ் காணும். பிள்ளைகளின் படிப்புக்கும் இணையம் வேண்டும் என்றால் செய்மதி வழியாக இணையம் தரும் ஸ்ரார்லிங்கை யோசிக்கலாம். 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கிவிட்டது. டிஷ் பார்க்கும் செய்மதி 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கிறது, ஸ்ரார்லிங் செய்மதிகள் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அதனால் டிஷ்ஷுக்குப் பனைகளுக்கு இடையில் ஒரு நீக்கல் போதும், ஸ்ரார்லிங்குக்கு வானம் அகலமாகத் திறந்திருக்கவேண்டும். ஸ்ரார்லிங் தருவது இணையம் மட்டும். மட்ச்சுக்கான சந்தா தனி.

உலகக் கிண்ணத்தைச் சனசமூக நிலையத்தில் பெரிய திரையில் போடலாமா?

வீட்டுச் சந்தா வீட்டுக்குள் பார்ப்பதற்கு மட்டும். பொது இடத்தில் திரையிட உரிமைக்காரரின் அனுமதி வேண்டும். நிலையத்தின் கடிதத் தலைப்பில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், நுழைவுக் கட்டணம் இல்லை என்பதையும் குறிப்பிடுங்கள். கிரிக்கெட் உலகக் கிண்ணம் என்றால், எந்த நாட்டில் யார் காட்டுகிறார்கள் என்ற பட்டியலை ஐசிசி தன் இணையத்தளத்தில் தொடருக்கு முன்னரே போடும். யாருக்கு எழுதுவது என்பது அதில் தெரியும்.

வடக்கின் பெரும் போர் பார்க்க ஏதாவது கட்டவேண்டுமா? – ரொறன்ரோ

1904 இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பாடசாலைக் கிரிக்கெட் போட்டி அது. மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் மார்ச் மாதத்தில் மோதும்போது உலகம் முழுக்க எங்கள் ஆட்கள் திரைக்கு முன்னால் இருப்பார்கள். த பப்பரே தளத்தில் நேரலையாக வந்திருக்கிறது, சந்தா கட்டத் தேவை இருக்கவில்லை. போட்டிக்கு முதல் நாளே இணைப்பைத் தேடி எடுத்து வையுங்கள். அன்று காலையில் தேடினால் அதே பெயரில் போலி இணைப்புகளும் வரும். பார்ப்பதற்கு முன் அட்டை இலக்கம் கேட்கும் எதுவும் போலிதான். மூடிவிடுங்கள்.

கரண்ட் போனால்? – அளவெட்டி

போனில் சார்ஜ் இருந்தாலும் றவுட்டர் நின்றுவிடும். பைபர் வீடுகளில் சுவரில் பூட்டிய பைபர் பெட்டியும் றவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். கடைகளில் கிடைக்கும் சிறிய டிசி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் மின்சாரம் கொடுக்கும் பற்றரிப் பெட்டி, ஒன்று போதும். வாங்கப் போகும்போது இரண்டின் அடப்ரர்களையும் கையில் கொண்டுபோய், அவற்றில் எழுதியிருக்கும் வோல்ற், அம்பியர் இரண்டும் யூபிஎஸ்ஸுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். பெரும்பாலானவை 12 வோல்ற். 9 வோல்ற் றவுட்டரில் 12 வோல்ற்றைக் குத்தினால் எரிந்துவிடும்.